மீன் முடிவதற்கு முன்பு

ஆறாம் அத்தியாயம்

“குடும்பமா?” என்று கேட்டாள் மொரீன். ஹொட்டல் பரிசாரகி; பெயர் சட்டையில் குத்தியிருந்தது.

இராசநாயகம் ரத்னாவைப் பார்த்தார். ரத்னா கூரையைப் பார்த்தாள்.

“ஆம்,” என்றார்.

“பிள்ளைகள்?”

“வரவில்லை.”

பொய் இல்லை. ரத்னாவின் பிள்ளைகள் இருவரும் கிளென் ஈடனில் தகப்பனோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராசநாயகத்தின் மகன் ரொறன்ரோவில் இருந்தான். மகனின் தாயும் அங்கேதான். பிரிந்து பதினொரு வருடம்.

மொரீன் இரண்டு மெனு அட்டைகளை எடுத்தாள். “பார் பூட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எடுத்தால்தான் பியர். சட்டம். குடும்ப அறைக்கு வாருங்கள்.”

அவள் முன்னே நடந்தாள். ரத்னா குரலைத் தாழ்த்தினாள்.

“மூணு வருஷமா பதவி உயர்வு கேட்டேன் சார். இப்படிக் குடுப்பீங்கன்னு நினைக்கல.”

“ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும்.”

“அதுக்கு மேல எனக்கும் தாங்காது.”

குடும்ப அறையில் கணப்பு எரிந்தது. சுவரில் ஒரு மான் தலை, அதன் கீழே அந்த ஊர் றக்பி அணிகளின் படங்கள். ஆறு மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். தாத்தாக்கள், குழந்தைகள், உயரமான நாற்காலியில் கட்டிவைக்கப்பட்ட கைக்குழந்தை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மொரீன் காட்டிய மேசையில் நாலு பேருக்குக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்திருந்தது. இரண்டை எடுத்துப்போக அவளுக்குத் தோன்றவில்லை.

இராசநாயகம் உட்கார்ந்தார். எதிரே ரத்னா. மற்ற இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அவருடைய கோட்டு, ஒன்றில் அவளுடைய கைப்பை.

அவர் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எரிந்த கடைகளை விசாரித்தவர். ஒக்லாந்தில் காணாமற்போனவர்களை விசாரிக்கிறார். ஏவன்டேலில், சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை. முன்பாதி அலுவலகம், பின்பாதி வீடு. ரத்னா திருச்சிக்காரி. தட்டச்சு, தொலைபேசி, கார் ஓட்டுவது, கேட்காமலே அபிப்பிராயம் சொல்வது எல்லாம் அவள் வேலை.

எட்டு நாளைக்கு முன்பு வின்சென்ற் அந்த அறைக்கு வந்தார். மன்னார்க்காரர், அறுபத்திரண்டு வயது, மனைவி இல்லை. கோட்டுப் போட்டிருந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

“மகளைக் கண்டுபிடிச்சுத் தரவேணும் தம்பி. ஷாமிலா.”

நாலு வருடத்துக்கு முன் அவள் நிலேஷ் என்ற பிஜிக்காரனைக் கட்டிக்கொண்டாள். இந்துப் பையன். அன்றைக்கு வின்சென்ற் ஒரே ஒரு வசனம் சொன்னார். இந்த வீட்டுக்கு நீ வந்ததும் இல்லை, போனதும் இல்லை. அவள் போனாள். பிறகு அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஒரே ஒரு தடயம் வைத்திருந்தார். அனுப்பியவர் பெயர் எழுதாத ஒரு பழைய கடித உறை, அதோடு ஒரு அட்டை. பியர் கிளாஸுக்குக் கீழே வைக்கிற சதுர அட்டை. அட்டையில் குதிரைக்காரன் ஒருவன், சுற்றிலும் ‘ட்றோவர்ஸ் றெஸ்ற்’ என்று இந்த ஹொட்டலின் பெயர்.

“போன நத்தார்ப் பண்டிகைக்கு இதுக்குள்ள வந்தது,” என்றார் வின்சென்ற்.

“கடிதம்?”

“இல்லை.”

“நீங்கள் அங்க போய்ப் பாத்தனீங்களோ?”

“நான் ஏன் குடிக்கிற இடத்துக்குப் போறன்?”

ஞாயிற்றுக்குள் முடித்துத் தரவேண்டும் என்றார். படியிறங்கும்போது திரும்பினார்.

“போறதெண்டால் பன்னிரண்டரைக்கு முன்னம் போங்கோ. பிறகு மீன் முடிஞ்சிடும்.”

ரத்னா ஹொட்டலுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஷாமிலா என்று ஒருவரும் இல்லை என்றார்கள். அடுத்த ஏழு நாளும் பழைய முகவரிகளில் போயிற்று. அதனால்தான் இந்த ஞாயிறு, மழையில், குமியூவும் தாண்டி வடமேற்கே இவ்வளவு தூரம்.

“எனக்குக் குடும்ப ரோஸ்ட்,” என்றாள் ரத்னா.

“அது நாலு பேருக்கு,” என்றாள் மொரீன்.

“நாங்கள் ஒரு குடும்பம்.”

இராசநாயகம் கரும்பலகையைப் பார்த்தார். ஆட்டு ரோஸ்ட். பன்றி ரோஸ்ட். ஃப்ளவுண்டர், அந்தப் பக்கத்து உப்பங்கழியில் பிடிக்கிற தட்டையான மீன்.

“எனக்கு மீன். ஒரு பியர்.”

மொரீன் குசினிச் சுவரில் இருந்த சதுரத் துவாரத்துக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்தாள். திரும்பி வரும்போது கரும்பலகையில் ஃப்ளவுண்டரை அழித்தாள். இராசநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு முப்பத்தைந்து.

ரத்னாவும் பலகையைப் பார்த்தாள்.

“கடைசி மீன் உங்களுக்குத்தான் சார். யோகம்.”

“கடைசிக்கு முதல் மீன்,” என்றாள் மொரீன், அவர்கள் பலகையைப் பார்ப்பதைக் கண்டு. தமிழ் விளங்கி அல்ல. “இன்னும் ஒன்று இருக்கிறது. அது ஒன்பதாம் மேசைக்கு.”

ஒன்பதாம் மேசை துவாரத்துக்கு நேரே, சுவரோரமாக இருந்தது. சின்ன மேசை, ஒரே நாற்காலி. மேலே ‘ஒதுக்கப்பட்டது’ என்ற அட்டை. யாரும் இல்லை.

சாப்பாடு வந்தது. துவாரத்தில் இரண்டு கைகள் தட்டுகளை வைத்தன, ஒரு மணியைத் தட்டின, மறைந்தன. முகம் தெரியாத உயரத்தில் இருந்தது அது. மாநிறக் கைகள். இடது மணிக்கட்டில் ஒரு சூட்டுத் தழும்பு.

“சார்,” என்றாள் ரத்னா.

“கண்டனான். சாப்பிடும்.”

ரோஸ்ட் ஒரு குன்று போல வந்திருந்தது. உருளைக்கிழங்கு, பூசணி, பட்டாணி, ஒரு குவளை குழம்பு. ரத்னா ஒரு துண்டு வாயில் வைத்தாள்.

“உப்புன்னு ஒண்ணு கண்டுபிடிச்சது இவங்களுக்குத் தகவல் வரலையா?”

இராசநாயகம் மொரீனைக் கூப்பிட்டார். “மிளகாய் ஏதாவது கிடைக்குமா?”

“தக்காளி சாஸ் இருக்கிறது.” அவள் யோசித்தாள். “சாம் பச்சையாக ஒன்று அரைப்பாள். எங்கள் சமையல்காரி. ஆனால் அது ஒன்பதுக்கு மட்டும். ஒருநாள் விரலால் தொட்டு நக்கினேன். இரண்டு ஜக் தண்ணீர் குடித்தேன்.”

“ஒன்பதில் யார்?”

“உங்களைப் போல ஒரு மனிதர். வயதானவர். ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு ஞாயிறும். ஒரு ஜிஞ்சர் பியர், ஒரு மீன். யாரோடும் பேசமாட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டால்கூட மறுபடி அந்தத் துவாரத்தைப் பார்த்துத்தான் போட்டுக்கொள்வார்.” அவள் சிரித்தாள். “அவர் சாப்பிட்ட தட்டைப் பார்க்கவேண்டும் நீங்கள். முள் முழுவதும் விளிம்பில் வரிசையாக, சீப்புப் பல் போல. தலைகூட மிஞ்சாது. முதல்நாள் அந்தத் தட்டைக் கழுவப் போட்டபோது சாம் கையில் எடுத்துவைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்கிறீர்கள். அடுத்த ஞாயிறில் இருந்து அந்தப் பச்சைச் சாமான்.”

“அவர்கள் பேசியதே இல்லையா?”

“சாம் வெளியே வருவதில்லை. அவர் உள்ளே போவதில்லை.”

மணி அடித்தது. துவாரத்தில் ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். மொரீன் அதை ஆளில்லாத ஒன்பதாம் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

“இன்றைக்கு அவர் வரவில்லையே,” என்றார் இராசநாயகம்.

“சாமிடம் சொன்னேன். வைக்கச் சொன்னாள்.”

மொரீன் போனாள். இராசநாயகம் எழுந்துபோய் ஒன்பதாம் மேசையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அங்கிருந்து இரண்டுதான் நேராகத் தெரிந்தன. துவாரம். அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ். நம் சாமும் நிலேஷும் பேர்த் நகருக்குக் குடிபோகிறார்கள். வியாழன் விமானம். புதன் ஏழு மணிக்குக் கேக், வந்து வழியனுப்புங்கள். இரண்டு கிழமைக்கு முந்திய தேதி; அந்த வியாழனுக்கு இனி நாலு நாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அட்டையும் உறையும் இருக்கோ?”

ரத்னா கைப்பையில் இருந்து அட்டையை எடுத்தாள். கோப்பில் இருந்து உறையை எடுத்தாள்.

“உள்ள வையும் பாப்பம்.”

அவள் வைத்தாள். அட்டை உறையை விட அரை அங்குலம் அகலமாக இருந்தது. சரித்து வைத்தாள். போகவில்லை. மடித்த அடையாளமும் அட்டையில் இல்லை.

ரத்னா இரண்டையும் மேசையில் வைத்தாள்.

“எட்டு நாளா ஒண்ணு என் பைல, ஒண்ணு கோப்புல. சேத்துப் பாக்கணும்னு நமக்குத் தோணல.”

“எனக்குத் தோன்றியிருக்கவேணும்.”

“அப்ப இது தபால்ல வரல.”

“இந்த ஹொட்டல் மேசையில இருந்து வந்தது. குடிக்கிற இடத்துக்குப் போகாத ஆளுக்கு, இங்க பன்னிரண்டரைக்கு மீன் முடியும் எண்டு தெரிஞ்சிருக்கு.”

ரத்னா ஒன்பதாம் மேசையைப் பார்த்தாள். மூடிய தட்டின் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது.

“அந்தக் கிழவரா?”

“அவர்தான்.”

“மக எங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் மகளத் தேடித் தரச் சொன்னாரா? எப்படித் தெரிஞ்சுது அவருக்கு?”

“நிலேஷின்ர ஆக்களும் ஏவன்டேல் சந்தைக்கு வாறவைதானே. ஆரும் சொல்லியிருப்பினம்.”

“அப்ப நம்மள எதுக்குக் கூப்பிட்டாரு?”

இராசநாயகம் பியரில் ஒரு வாய் குடித்தார். “எங்கட பக்கத்தில ரெண்டு பேர் கோவிச்சால் ரெண்டு பேரும் முன்னுக்கு வரமாட்டினம். நடுவில ஒராள் போகவேணும். அங்கயும் சேராத, இங்கயும் சேராத ஆள்.”

“சர்ச்ல சாமியார் இருக்காரே.”

“சாமியாரைக் கேட்டால் மற்ற ஞாயிறு சனம் முழுக்க இவரைத்தான் பாக்கும். நாலு வருசமா அவளைப் பேர் சொல்லிக் கதைச்சவையளோட கதைக்காமல் இருந்த மனிசன்.”

ரத்னா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்ப நாம துப்பறியல. தூது போறோம்.”

“ஓம்.”

“படிச்ச புறா ரெண்டு.”

“ஒரு புறா இங்க இருந்து சாப்பிடட்டும். மற்றது போகுது.”

அவர் கோட்டை எடுத்துக்கொண்டார்.

ஹொட்டலைச் சுற்றிப் பின்பக்கம் போனார். பியர்ப் பீப்பாய்கள், மரப்பெட்டிகள், ஒரு நனைந்த பூனை. குசினிக் கதவு பாதி திறந்திருந்தது. வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு பெண் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஷாமிலா.”

கை நின்றது. அவள் திரும்பவில்லை.

“இங்க என்னை அப்பிடி ஒருத்தரும் கூப்பிடுறேல்லை.”

“அப்பா அனுப்பினவர்.”

இப்போது திரும்பினாள். அவரைப் பார்த்தாள், அவர் பின்னால் பார்த்தாள். அங்கே பூனைதான் இருந்தது.

“அவர் வரேல்லையோ?”

“உள்ள வரேல்லை.”

“இண்டைக்குக் கடைசி ஞாயிறு.”

“அவருக்குத் தெரியும். நோட்டீஸ் அவற்ற மேசைக்கு நேர ஒட்டியிருக்கு.”

“நான்தான் அதில ஒட்டச் சொன்னனான்.”

கைகளை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தாள்.

“நாலு மாசமா வந்தவர், பிள்ளை,” என்றார் இராசநாயகம். “பத்து அடி. வெளிய வந்து ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாம்.”

“வந்ததும் இல்லை, போனதும் இல்லை எண்டு சொன்னது அவர் அங்கிள். வா எண்டும் அவர்தான் சொல்லவேணும்.”

“அதுக்குத்தான் என்னை அனுப்பினவர்.”

“என்ன சொன்னவர்?”

இராசநாயகம் யோசித்தார். வின்சென்ற் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. எட்டு நாளைக்கு முன்பு, கதிரை நுனியில், தன்னைப் பற்றியோ மகளைப் பற்றியோ ஒரு நல்ல சொல்லும் சொல்லவில்லை. நடுவில் நிற்பவன் இந்த இடத்தில் எதையாவது சேர்த்துச் சொல்வது வழக்கம். காப்புறுதிக்காரருக்கு அது வரவில்லை.

“மீன் முடியிறதுக்கு முன்னம் போகச் சொன்னவர்,” என்றார்.

ஷாமிலா சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். சட்டியை அலசினாள். பிறகு மூடினாள்.

“மீன் முடியிறேல்லை அங்கிள். அவருக்கு ஒண்டு எடுத்துவைக்கிறனான்.”

“அவருக்கு நான் என்ன சொல்ல?”

அவள் குனிந்து துவாரத்தின் வழியாக ஒன்பதாம் மேசையைப் பார்த்தாள். மூடிய தட்டு அப்படியே இருந்தது. ஆவி நின்றுவிட்டது.

“ஆறிடும்,” என்றாள்.

மழை விட்டிருந்தது. ரத்னா முன்வாசலில் நின்றாள், கையில் ஒரு உருளைக்கிழங்கு.

“கிழவர் வீட்டுக்குப் போலாமா சார்? ஏவன்டேலுக்கு முக்கா மணி நேரம்.”

“வீட்டில இருக்கமாட்டார். கடைசி ஞாயிறு. எங்களுக்கு முன்னால மேசையில இருக்கவும் ஏலாது, வராமல் இருக்கவும் ஏலாது.”

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர் மண்டபம், உயர்ந்த மரவேலி. வேலியோரம் ஐந்து கார்கள் நின்றன. நாலு காரின் கண்ணாடிகள் தெளிவாக இருந்தன. ஐந்தாவது ஒரு பழைய டட்சன். அதன் கண்ணாடி உள்ளே இருந்து பனிபிடித்து வெள்ளையாக இருந்தது. ஓட்டுநர் பக்கத்தில் மட்டும் கையளவு வட்டமாகத் துடைத்திருந்தது. அந்த வட்டம் ஹொட்டலைப் பார்த்தது.

“நான் பேசலாமா?” என்றாள் ரத்னா.

“வேண்டாம்.”

இராசநாயகம் கண்ணாடியைத் தட்டினார். அது மெதுவாக இறங்கியது. வின்சென்ற் சர்ச் பூசைக்குப் போடுகிற அதே கோட்டில் இருந்தார். உள்ளே செபமாலை தொங்கியது.

“தம்பி,” என்றார்.

“கண்டுபிடிச்சிட்டன் அண்ணை.”

“எங்க?”

“இந்த ஹொட்டலில. குசினியில.”

“அப்பிடியோ,” என்றார் வின்சென்ற், முதன்முதலாகக் கேட்பவர் போல. ஹொட்டலை ஒருமுறை பார்த்தார். “இவ்வளவு கிட்டவோ.”

இராசநாயகம் அட்டையையும் உறையையும் பற்றிப் பேசவில்லை. ரத்னா உருளைக்கிழங்கைக் கடித்தாள்.

“சுகமாய் இருக்கிறாளோ?”

“இருக்கிறா. வியாழன் பேர்த்துக்குப் போறா.”

“ஓம்,” என்றார் வின்சென்ற். பிறகு, “அப்பிடியோ,” என்று திருத்திக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். “என்னைப் பற்றி ஏதும்... என்ன சொன்னவள்?”

“ஆறிடுமாம்.”

வின்சென்ற் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோட்டு நுனியால் துடைத்தார். திரும்பப் போட்டார். காரை விட்டு இறங்கிப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். நாலு அடி நடந்து, திரும்பி வந்து, இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார்.

பிறகு ரோட்டைக் கடந்தார். முன்வாசலுக்குக் கிட்டப் போனவர் நின்றார். வாசலை விட்டுவிட்டுச் சுவரோரமாகத் திரும்பினார். பீப்பாய்களுக்கு நடுவே பின்பக்கம் போனார். பூனை வழிவிட்டது.

“வாசல் இந்தப் பக்கம்ல இருக்கு,” என்றாள் ரத்னா.

“அது சாப்பிட வாறவைக்கு.”

அவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பக்கத்து மேசைக் குழந்தை அழுது ஓய்ந்திருந்தது. மொரீன் ஒன்பதாம் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“தட்டைக் காணோம்,” என்றாள். “யார் எடுத்தது?”

அவள் குசினிப் பக்கம் திரும்பினாள். துவாரத்தில் கைகள் வரவில்லை. மூன்று மேசைக்குப் புடிங் வரவேண்டியிருந்தது. மணி அடிக்கவே இல்லை.

ரத்னா ரோஸ்டின் மிச்சத்தை ஒரு பெட்டியில் அடைத்தாள். முக்கால் குன்று.

“புள்ளைங்க நாளைக்கும் சாப்பிடும். உங்களுக்குக் கொஞ்சம் வைக்கட்டுமா?”

“வேண்டாம். வீட்டில டின்மீன் கிடக்கு.”

“கார்ல ஹீட்டரைப் போடுறேன். நீங்க முடிச்சிட்டு வாங்க.” எழுந்தவள் நின்றாள். “ஒரு மணி நேரம் முடிஞ்சிடுச்சு சார். நான் விவாகரத்து வாங்கிக்கிறேன்.”

“சரி.”

அவள் போனாள். மேசையில் மூன்று பேருக்குக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் புதிதாகவே இருந்தன. இராசநாயகத்தின் மீன் ஆறிக் கிடந்தது. அவர் முள்ளுக்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார். அவசரம் இல்லை. தலையையும் உடைத்து உறிஞ்சினார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார். பெரியது, அடுத்தது, அடுத்தது. அவர் வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள்.

மொரீன் வந்தாள். ஒரு கையில் ஏற்கனவே நாலு தட்டுகள் அடுக்கியிருந்தன. அவருடைய தட்டைத் தூக்கி, முள் முழுவதையும் மேல்தட்டுக்குச் சரித்துக் கொட்டினாள். வெறும் தட்டை அடியில் சொருகிக்கொண்டு போனாள்.